'இம்பீச்மென்ட்': பதவிநீக்கமா, குற்றச்சாட்டா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

தம் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று உரிமை கொண்டாடும் ஆட்சித் தலைவர்கள் மீது 'இம்பீச்மென்ட்' (பதவியில் இருப்பவர்மீது சட்டமன்றம் முறைப்படி குற்றம் சாட்டுவது) நடவடிக்கை எடுக்கச் சட்டமன்றங்கள் தயங்கக் கூடாது என்று வாதிடும் பாடம் ஒன்றை, அரசியல் அறிவியல் மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நாளேடுகளின் வழக்கை ஒட்டிப் 'பதவிநீக்கம்' என்றே எழுதி வந்தேன். "1868-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பதவிநீக்கம் செய்யப்பட்டார், ஆயினும் பதவிக்காலம் முடியும்வரை பதவியில் இருந்தார்" என்ற வரியை எழுதியதும் கை நின்றுவிட்டது. பிரதிநிதிகள் அவை பெரும்பான்மை வாக்கால் அவர்மீது குற்றம் சாட்டியது. அதை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மேலவையான செனட்டில், அவரை நீக்க மூன்றில் இரு பங்காக 36 வாக்குகள் தேவைப்பட, 35 மட்டுமே விழுந்தன. 1998-இல் கிளிண்டனும், 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் டிரம்ப்பும் அவ்வாறே சாட்டப்பட்டுப் பின்னர் செனட்டில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்டுவதையும் நீக்குவதையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவருக்குப் பாடமே விளங்காது. வழி சொல்லுங்கள்.

மடல் 2: தமிழாசிரியர்

அன்புள்ள ஐயா,

வேரிலிருந்து தொடங்குவோம். அச்சொல்லின் இலத்தீன் மூலம் காலுக்கு விலங்கிடுதலைக் குறிப்பது. பிரெஞ்சு வழியாக வரும்போது 'தடுத்தல்' என்று பொருள் விரிந்தது. நம்மிடம் அதற்கு நேரான 'தளை' இருக்கிறது. யாப்பில் சீரோடு சீரைப் பிணிப்பதும் தளைதானே? வெண்டளை பிழைத்தால் வெண்பா வெண்பாவாக நிற்பதில்லை. ஆட்சியாளரின் செயல் சட்டத்தோடு தளை தட்டினால் ஆட்சியும் அப்படியே. ஆகவே 'தளையிடல்' என்று முன்மொழிகிறேன். அது ஏற்கப்படாவிட்டால் 'வழக்குரை' இருக்கிறது. "தேரா மன்னா! செப்புவது உடையேன்" என்று அரசன் முன்னிலையிலேயே அவன் பிழையை நிறுவிய காதைக்கு வழக்குரை காதை என்றுதானே பெயர்?

மடல் 3: வழக்கறிஞர்

ஐயாவின் யாப்பு விளக்கத்தை மகிழ்ந்து படித்தேன். ஆனால் 'தளையிடல்' என்று அச்சிட்டால் தலைவரைக் கைது செய்துவிட்டார்கள் என்றே மாணவர் கொள்வார். 'வழக்குரை' என்றால் நீதிமன்றத்து வாதம் என்று கொள்வார். இலங்கைத் தமிழில் 'குற்றப் பிரேரணை' நெடுங்காலமாக வழங்குகிறது. 'பிரேரணை' வடசொல் என்பதற்காகத் தள்ளுவோமானால், நாம் நாள்தோறும் எழுதும் 'தீர்மானத்தையும்' தள்ள வேண்டியிருக்கும்.

எனக்கு உறுத்துவது 'குற்றம்' என்ற முன்பகுதிதான். 1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை வரைந்த பிலடெல்பியா மாநாட்டில் உறுப்பினர் ஜார்ஜ் மேசன் 'நிர்வாகச் சீர்கேடு' என்பதையும் காரணமாகச் சேர்க்க விரும்பினார். அது மிகவும் தெளிவற்றது, குடியரசுத் தலைவரின் பதவி செனட்டின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும் என்று மற்றோர் உறுப்பினரான மேடிசன் மறுத்த பிறகே, இன்றுள்ள 'பெருங்குற்றங்களும் தகாச்செயல்களும்' என்ற தொடர் இடம்பெற்றது. அத்தொடரும் குற்றவியல் சட்டத்திலுள்ள குற்றங்களை மட்டும் குறிப்பதன்று என்பதே என் உறுதியான கருத்து. பொதுமக்கள் ஒப்படைத்த நம்பிக்கையை மீறுவதே இதன் உயிர் என்று அம்மாநாட்டின் இன்னோர் உறுப்பினரான ஹாமில்டன் விளக்கினார். 1974-இல் பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைக் குழு, குடியரசுத் தலைவர் நிக்சன் மீது ஏற்ற மூன்று சாட்டுகளுள் இரண்டாவது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றியது. "சட்டப் புத்தகத்தில் இப்படியொரு குற்றம் இல்லை, ஆகவே நடவடிக்கையும் கூடாது" என்று வரம்பு மீறும் தலைவர்களின் தரப்பு வாதிடும்போது, நம் கலைச்சொல்லே அவர்களுக்குச் சான்றாகிவிடக் கூடாது.

மடல் 4: கல்லூரி ஆசிரியை

வழக்கறிஞர் ஐயாவின் கவலை நியாயமானது. பாடத்தின் மையமே அதுதான். 2024 சூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவரின் அலுவல்சார் செயல்களுக்குக் குற்ற வழக்கிலிருந்து பரந்த விலக்கு அளித்தபின், அவரைக் கேள்வி கேட்பதற்கு எஞ்சியுள்ள முதன்மையான அரசியலமைப்பு வழி இதுவே. தேர்தல்வரை பொறுத்திருக்கலாம் என்பார்க்குத் தென்கொரியாவைக் காட்டுவேன். 2024 டிசம்பர் 3 இரவு அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். டிசம்பர் 14-இல் 300 பேர் கொண்ட தேசிய அவையில் 204 பேர் அவர்மீதான சாட்டுக்கு ஆதரவளித்தார்கள். அதிகாரம் உடனே நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கினார்கள். இந்த மூன்று படிகளையும் 'பதவிநீக்கம்' என்ற ஒரே சொல்லால் எப்படி எழுதுவது?

'அவைச்சாட்டு' என்று சுருக்கமாக வைத்தால் குற்றம் என்ற சொல்லையும் தவிர்க்கலாம்.

மடல் 5: தமிழாசிரியர்

அம்மா, யாழ்ப்பாணத் தமிழில் 'சாட்டு' என்றால் பொய்க்காரணம். "அவை சொல்லும் சாக்கு" என்றல்லவா அங்குள்ளவர்கள் படிப்பார்கள்?

பாடத்தில் வரும் 'எல்லையற்ற அதிகாரம்' என்ற கருத்துக்கான சொல் பற்றி எவரும் பேசவில்லை. 'கட்டற்ற' என்று எழுதிவிடாதீர்கள். மென்பொருள் உலகில் அச்சொல் விடுதலையைக் குறிக்கும் நற்சொல்லாகிவிட்டது. "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்" என்ற குறளை ஒட்டி 'இடிப்பாரிலா அதிகாரம்' என்று ஆளலாம்.

மடல் 6: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. 'இடிப்பாரிலா' என்பதற்குப் பதிலாகத் 'தட்டிக்கேட்பாரற்ற அதிகாரம்' என்று எழுதுகிறேன். பொருள் அதுவே, படித்தவுடன் விளங்கும். முதற்சொல்லான 'இம்பீச்மென்ட்' என்பதற்கு, தனித்து நிற்கும் 'சாட்டு' தரும் குழப்பம் தீர, 'அவைக் குற்றச்சாட்டு' என்பதை இதுவரை குழுவில் ஐவர் ஏற்றுள்ளனர். 'பதவிநீக்கம்' தீர்ப்புக்கு மட்டும் நிற்கும். 'குற்றம்' என்பது ஒப்படைத்த நம்பிக்கையை மீறுவதையும் உள்ளடக்கும் என்று முதல் பக்கத்திலேயே விளக்கம் சேர்க்கிறேன்.

மடல் 7: வழக்கறிஞர்

முதல் பக்கத்து விளக்கத்தைப் பத்தாம் பக்கத்தில் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. என் மறுப்பு நீடிக்கிறது. வெள்ளிக்கிழமை நெருங்குவதால் அச்சிடுங்கள். இரண்டாம் பதிப்புக்கு முன் 'குற்றம்' இல்லாத சொல்லோடு மீண்டும் வருவேன்.