கிராம அனர்த்தக் குழுவுக்குச் சட்ட வலு வேண்டுமா?

படுவான்கரை விவசாயி:
இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், ஆழிப்பேரலை நிகழ்ந்து ஐந்து மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட்டது. ஜனாதிபதி தலைமையில் தேசிய பேரவை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், ஒவ்வோர் அமைச்சும் திணைக்களமும் தனக்கெனத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற கடமை ஆகியவற்றை அது ஏற்படுத்தியது. ஆனால் வெள்ளம் ஏறும் இரவில் தோணி தேடி ஓடுகிற கிராமக் குழுவோ வெறும் சுற்றறிக்கையின் பிள்ளையாகவே இருக்கிறது. மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்துக்கு முன், விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும் வயற்பரப்பிலிருந்து மாடுகளை அகற்றும் திகதியையும் தீர்மானித்துவிட்டால், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அது எல்லாக் கமக்காரரையும் கட்டுப்படுத்தும். மீறுபவர் மீது, வயல் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானை முறையிடலாம். மாடு வெளியேறும் திகதிக்கு இருக்கிற சட்ட வலு, மனிதர் வெளியேற வேண்டிய நேரத்துக்கு ஏன் இல்லை?

கல்லடி வாசி:
ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. தீர்வைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் குழுவில் இருப்பவர்கள் மீனவர்களும், மாதர் சங்கத்துப் பெண்களும், ஒரு பாலர் பாடசாலை ஆசிரியையும்தான். சட்டம் அதிகாரத்தைக் கொடுத்தால் பொறுப்பையும் சேர்த்தே கொடுக்கும். வெளியேறச் சொல்லி வெள்ளம் வராவிட்டாலும், சொல்லாமல் விட்டு வந்துவிட்டாலும், நீதிமன்றப் படியேறப்போவது அவர்கள்தான். 2005இல் வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அறிவிக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். கடலை நம்பிப் பிழைப்பவர்களிடம் கேட்காமல் வரையப்பட்ட அந்தக் கோடு பின்னர் தளர்த்தப்பட்டது. அதேவேளை, 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திரா நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எச்சரிக்கை வந்தபோது, எந்தச் சட்டப் பிரிவையும் பார்த்துக்கொண்டிராமல் கரையோர மக்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

நிந்தவூர் நானா:
தம்பி, கடலுக்கு அஞ்சி ஓடுவதற்குச் சட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். பழகிய வீதியில் முழங்காலளவு தண்ணீர் ஓடும்போது எவரும் அஞ்சுவதில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை இந்தப் பிரதேசம் மறக்காது. யாரையும் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. வீதியோரத் தூணில் சிவப்புக் கோடு வரையப்பட்டு, அதைத் தண்ணீர் தொட்டவுடன் தடையைப் போடுபவர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்று எழுதப்பட்டு, தடையை மீறிச் செல்வது தண்டனைக்குரியதென்றும் ஆக்கப்பட வேண்டும். கெஞ்சிக் கேட்டு மறிக்கிறவரை வாகனச் சாரதிகள் மதிப்பதில்லை. சட்டத்தின் பெயரால் மறிக்கிறவரை மதிப்பார்கள்.

கல்லடி வாசி:
நானா சொல்லும் சிவப்புக் கோட்டை நானும் ஏற்கிறேன். ஆயினும் அது பொலிசும் பிரதேச செயலகமும் வீதிக்குப் பொறுப்பான திணைக்களமும் இன்றே செய்யக்கூடிய காரியம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வெள்ளக்காலத் திட்டத்தின் பிரதியைத் தருமாறு எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம்; தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். இருக்கிற சட்டத்தை முதலில் பயன்படுத்துவோமே.

படுவான்கரை விவசாயி:
பிரதி கிடைத்து என்ன பயன்? மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தையே பாருங்கள். மாரியில் வாவி பெருகும்போது, வயல் அழுகிவிடும், முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்மேட்டை உடனே வெட்டுங்கள் என்று நாங்கள் நிற்கிறோம். மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்று மீனவர் நிற்கின்றனர். இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பிணக்கைத் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பேசுவதுதான் கொடுமை. எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது என்பதை இரு தரப்பும் கூடி ஐப்பசி பிறப்பதற்கு முன்பே தீர்மானித்து, ஆரம்பக் கூட்ட முடிவைப் போல அதற்கும் சட்ட வலு கொடுக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். கிராமக் குழுவைப் பொலிசாக்கச் சொல்லவில்லை.

கல்லடி வாசி:
அப்படியானால் நம் இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை. நல்லெண்ணத்தோடு செயற்பட்ட தொண்டர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பிரிவு முதலில் எழுதப்படட்டும். அது இல்லாத எந்த வரைவுக்கும் எங்கள் குழுவிலிருந்து நான் கையொப்பமிட மாட்டேன்.