கொர்னீலியா சொராப்ஜியின் அரசுப் பதவி: அது வழக்கறிஞர் பணிதானா?

கேள்வி:
இந்தியப் பெண் வழக்கறிஞர்களில் முன்னோடியான கொர்னீலியா சொராப்ஜி 1892-இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். சட்டத் தேர்வை எழுதியவர். ஆனால் 1904-இல் அவருக்குக் கிடைத்த அரசுப் பதவி, வங்காள கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் (ஜமீன் சொத்துகளைப் பொறுப்பேற்று நிர்வகித்த அரசு அமைப்பு) பெண் உதவியாளர் என்பதே. இவ்வளவு படித்தவர் அதை ஏன் ஏற்றார்? அங்கே அவருக்குச் சட்ட வேலை ஏதும் இருந்ததா?

பதில் 1:
நீதிமன்றக் கதவு அடைத்துக் கிடந்ததுதான் காரணம். தேர்வெழுத விட்ட ஆக்ஸ்ஃபோர்டு, பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல்தான். பம்பாயில் எல்.எல்.பி. தேறிய பிறகும் அவரால் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. ஆகவே பெண்களுக்கும் மைனர்களுக்கும் ஒரு பெண் சட்ட ஆலோசகர் வேண்டும் என்று 1902 முதல் அவரே அரசிடம் வாதிட்டுவந்தார். சுருங்கச் சொன்னால், தமக்கான பதவியைத் தாமே கேட்டு உருவாக்கிக்கொண்டார்.

பதில் 2:
சட்ட வேலை நிறையவே இருந்தது. வாரிசு மைனராகவோ உரிமையாளர் பெண்ணாகவோ இருந்த ஜமீன்களைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் தன் பொறுப்பில் எடுத்து நிர்வகித்தது. பர்தாவுக்குள் வாழ்ந்த ஜமீன் விதவைகள் அயல் ஆண் எவரையும் நேரில் பார்க்க மாட்டார்கள் என்பதால், காரியஸ்தரோ உறவினரோ நீட்டிய பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்திடும் நிலை இருந்தது. இத்தகைய பத்திரத்தால் ஆதாயம் அடைபவர்தான், அந்தப் பெண் அதன் பொருளை உணர்ந்தே ஒப்பமிட்டார் என்று நிரூபிக்க வேண்டும் என, லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விதி வகுத்திருந்தது; ஆயினும் அந்தப்புரத்துக்குள்ளேயே சென்று பத்திரத்தை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமே! அதைத்தான் சொராப்ஜி செய்தார். வங்காளம், பீகார், ஒரிசா, அஸ்ஸாம் எங்கும் பயணம் செய்து, ஜீவனாம்சம், தத்து, சொத்துத் தகராறு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றை விசாரித்து அறிக்கை அளித்தார். அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் அவரால் பயனடைந்ததாகக் கூறுவர்.

பதில் 3:
மேலே சொன்னவை சரியே. ஆனால் அறிவுரை கூற அனுமதித்த அந்தப் பதவி, வாதாடும் உரிமையை அவருக்குத் தரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்ட பெண்களில் ரெஜினா குஹாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916-இலும், சுதான்சுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் 1921-இலும் நிராகரித்தன. அதே 1921-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜியைப் பதிவு செய்தது. பெண்களுக்குத் தடை நீக்கிய சட்டம் 1923-இல் வந்தது. கல்கத்தாவில் அவர் தொழில் தொடங்கியபோது வயது ஐம்பத்தேழைத் தாண்டிவிட்டது. அப்போதும் வாதாடுவதைவிட, வழக்குகளுக்குச் சட்டக் கருத்து எழுதித் தரும் வேலையே அவருக்குப் பெரும்பாலும் வந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இவ்வளவு செய்தவரை நம் பாடநூல்கள் அதிகம் பேசாதது ஏன்?

பதில் 3:
அவருடைய அரசியலும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அவர் ஆங்கிலேய ஆட்சியை ஆதரித்தார், காந்தியின் இயக்கத்தை எதிர்த்தார். 1927-இல் வெளிவந்து நாடெங்கும் கண்டனத்துக்குள்ளான, இந்தியச் சமூகத்தைக் கடுமையாகச் சாடிய அமெரிக்க எழுத்தாளர் காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ நூலுக்குப் பரிந்தும் பேசினார். அதனால் அவருடைய சமூகப் பணிக்குக் கிடைத்துவந்த ஆதரவே குறைந்தது.