‘ஆச்சி வீட்டு மக்கள்’ குழு: பால்காய்ப்புக்கு வந்த படம்

செல்வி அக்கா: அப்பா, பால்காய்ப்புக்கு குடுத்துவிட்ட பிரிண்ட் ரெண்டும் வந்துட்டா? ஃப்ரேமுக்கு குடுத்தாச்சா?

பெரியப்பா: வந்துட்டு. சாமி படம் இல்லியே

பெரியம்மா: ஒண்ணு ஒரே வெள்ளையா கெடக்கு

முருகன் அண்ணன்: பனிம்மா

செல்வி அக்கா: அது அமெரிக்காவுல, நியூயார்க் மாநிலத்துல ஹூசிக் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊரு. எங்க ஆல்பனியில இருந்து காருல ஒரு மணி நேரங்கூட ஆவாது. வரைஞ்சது கிராண்ட்மா மோசஸ்னு ஒரு அமெரிக்கப் பாட்டி. 1860ல பிறந்தவங்க. மாடு, கோழி, வெண்ணெய்னு பண்ணை வேலையிலயே காலம் போச்சு. பத்து பெத்து அஞ்சுதான் தங்குச்சு. கம்பளி நூல்ல படம் தைச்சுக்கிட்டு இருந்தவங்க, மூட்டுவாதத்துல ஊசி பிடிக்க முடியலன்னு பிரஷ்ஷ எடுத்தாங்க. அப்ப வயசு 75க்கு மேல. சின்னப்பிள்ளையில பாத்த ஊரத்தான் கடைசி வரைக்கும் வரைஞ்சாங்க. குதிரை இழுக்குற பனி வண்டி, வீட்டுலயே மெழுகுவத்தி ஊத்துறது, பொம்பளைங்க கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறது. டிராக்டர், கம்பம், கம்பி எதுவும் படத்துல வராது

அகிலா: அக்கா மூச்சு விட்டுக்கோ 😀

பெரியம்மா: மூட்டுக்கு என்ன தைலம் போட்டாளாம்?

சித்தப்பா: அசலா? என்ன வெல?

செல்வி அக்கா: பிரிண்ட்தான் சித்தப்பா. பனி ஊரு அசல் 1944ல வரைஞ்சது, வாஷிங்டன்ல பிலிப்ஸ் கலெக்‌ஷன் மியூசியத்துல இருக்கு. 1938ல இதே ஹூசிக் ஃபால்ஸ் மருந்துக்கடை ஜன்னல்ல அவங்க படம் இருந்தப்ப 3 டாலர், 5 டாலர்தான். லூயி கால்டர்னு ஒருத்தர் பாத்து மொத்தமா வாங்கிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி சந்தைப் போட்டிக்கு ஜாமும் படமும் அனுப்பிருக்காங்க. ஜாமுக்குப் பரிசு. படத்த ஒருத்தரும் சீண்டல

சித்தப்பா: அரும தெரியாம தள்ளிவிடுறது எல்லா ஊருலயும் உண்டு போல

பெரியப்பா: யாரு என்னத்த தள்ளிவிட்டா?

சித்தப்பா: நான் நிலைக்கதவ சொல்லல அண்ணாச்சி

அகிலா: அப்பா!!

பெரியப்பா: கரையான் அரிச்ச கதவு அது

முருகன் அண்ணன்: ரெண்டாவது படத்துல அண்டாவுல என்ன காய்ச்சுதாவ?

செல்வி அக்கா: ‘சுகரிங் ஆஃப்’. குளிர் விடுற நேரம் மேப்பிள் மரத்துல துளை போட்டு வாளி தொங்கவிடுவாங்க. சொட்டுற நீர நாள் பூரா காய்ச்சணும். 40 லிட்டருக்கு 1 லிட்டர் பாகு தேறினா பெரிசு. சூட்டோட அள்ளி பனி மேல ஊத்துனா மிட்டாய். பிள்ளையளுக்கு அதுதான் திருவிழா

பெரியம்மா: நம்ம பதநீர் காய்ச்சுத விடிலிக் குடிசையில்லா இது! பாகு பதத்துக் கூப்பனி கேட்டு அழுது எங்க ஆத்தாட்ட அகப்பையால அடி வாங்கிருக்கேன்

முருகன் அண்ணன்: நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. கருப்பட்டி காப்பியா சீனி காப்பியா? சமையக்காரர் காலையில இருந்து கேக்காரு

சித்தப்பா: கருப்பட்டி

சித்தி: கடையில எல்லாம் சீனி கலப்படம். உடன்குடியில தெரிஞ்ச ஆளுட்ட சொல்லி வாங்கணும்

பெரியப்பா: கிலோ என்ன விக்கி தெரியுமா உனக்கு

சித்தி: பால்காய்ப்பு நீங்கதான் அத்தான் வைக்கீங்க

அகிலா: படத்த எங்க மாட்டுதோம்?

பெரியப்பா: நடுவீட்டுல லட்சுமிதான்

செல்வி அக்கா: சரிப்பா, ஆனா உசரத்துல ஏத்திராதீங்க. அந்தப் பாட்டி மேல இருந்து கீழதான் வரைவாங்க. மொதல்ல வானம், பொறவு மலை, வீடு. மனுசங்க கடைசியில, குட்டி குட்டியா. கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் ஆளே தெரியும்

பெரியம்மா: விடிலி படம் அடுப்படிக்கு

சித்தி: எண்ணெய்ப் பிசுக்கு அப்பிரும்

சித்தப்பா: பனி ஊர எங்க வீட்டுக்குக் குடுங்க. செவரு சும்மாத்தான் கெடக்கு

பெரியப்பா: எடுத்துக்கோ. நிலைக்கதவு கணக்கு தீந்துதா?

சித்தப்பா: அது வேற கணக்கு அண்ணாச்சி

பெரியம்மா: அந்தப் பாட்டி இருக்காளா இன்னும்?

செல்வி அக்கா: 1961ல போயிட்டாங்கம்மா. 101 வயசு

பெரியம்மா: அப்ப தைலம் நல்ல தைலம். பேரு கேட்டுச் சொல்லு

முருகன் அண்ணன்: ஃப்ரேம் கடையில நிக்கேன். கண்ணாடி போடவா வேண்டாமா?

சித்தி: எத்தன பேருக்கு காப்பின்னு சொல்லுங்க மொதல்ல

முருகன் அண்ணன்: சித்தி, கண்ணாடி

பெரியப்பா: வெல கேட்டுட்டு வா. ராத்திரி பேசுவோம்