மறு: 'ஈரமூட்டும் முகவர்' வேண்டாம், வேற சொல் பாக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். ஃபிலிம் கழுவும்போது கடைசி அலசல் தண்ணியில கலக்கற 'வெட்டிங் ஏஜென்ட்'டுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசற இந்த இழைய ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், அதுக்கு 'ஈரமூட்டும் முகவர்'னு போட்டிருந்தத பாத்ததும் எனக்கு எங்க தெரு எல்ஐசி முகவர்தான் ஞாபகத்துக்கு வந்தாரு. அடுத்து வந்த 'நனைப்பான்' எவ்வளவோ தேவல, ஆனா அதுலயும் ஒரு சிக்கல். ஃபிலிம டெவலப் பண்ணி, படம் அழியாம நிக்க ஃபிக்ஸ் பண்ணி, தண்ணியில நல்லா அலசின பிறகுதான் இத ஊத்தறோம். ஏற்கனவே சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கறத இன்னும் என்னத்த நனைக்கறது?

அது செய்யற வேல என்னன்னு பாத்தா பேரு தானா வந்துடும்னு நெனைக்கறேன். சேப்பங்கிழங்கு இலையில தண்ணி எப்படி முத்து முத்தா நிக்கும், ஃபிலிமோட பளபளன்னு இருக்கற பின்பக்கத்துலயும் கிட்டத்தட்ட அப்படித்தான் நிக்கும், ஒவ்வொரு முத்தும் நின்ன எடத்துலயே காயும்போது தண்ணி மட்டும் போயிடும், அதுல கரஞ்சிருந்த உப்பு அங்கயே வட்டமா தங்கிடும். இந்த மருந்து ரெண்டு சொட்டு விழுந்தா பரப்பு இழுவிசை கொறஞ்சு தண்ணி முத்தா நிக்க முடியாம மெல்லிசா பரவி ஒரே படலமா கீழ வடிஞ்சிடும். அதனால என் ஓட்டு 'பரப்பி'க்கு. ஒலிபெருக்கி, குளிரூட்டி மாதிரி இகரத்துல முடியற சொல்தானே. 'வதந்தி பரப்பி'ங்கற வினையோட கொழம்பும்னு யாராவது கண்டிப்பா கேப்பீங்க, சரி, எழுதும்போது 'நீர்பரப்பி'ன்னு வச்சுக்கலாம், பேச்சுல பரப்பி போதும்.

விவசாயிங்க பூச்சிமருந்தோட கலக்கற 'ஒட்டும் திரவம்' இதே வகைதான், நெல்லு இலையில மருந்து உருண்டு ஓடாம பரவி நிக்கறதுக்கு. ரொம்ப நாளா பொழங்கற சொல், அதையே எடுத்துக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன், ஆனா நமக்கு தண்ணி ஒட்டக்கூடாது, வடியணும். அதான் விட்டுட்டேன்.

அடுத்து, சொட்டு காஞ்ச எடத்துல விழற அந்த கறைக்கு பேரு. 'காய்ச்சல் கறை'ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தாரு, மன்னிக்கணும், பாராசிட்டமால் குடுக்கணும் போல இருக்கு. 'உப்புக்கறை' நல்ல சொல், எங்க வீட்டு போர் தண்ணிக்கு ரொம்பவே பொருந்தும், பக்கெட்டெல்லாம் வெள்ளையா பூத்திருக்கும். என்னோட மொத ரோல அந்தத் தண்ணியிலயே அலசி பாத்ரூம் கொடியில துணி கிளிப் போட்டு தொங்கவிட்டேன், காஞ்சதும் ஸ்கேன் பண்ணா கோபுரத்துக்கு மேல வானம் முழுக்க வெள்ளை வெள்ளையா வட்டம். நெகட்டிவ்ல உப்பு வெளிச்சத்த மறைக்குதுல்ல, படத்துல அது வெள்ளையா வரும்.

ஆனா எல்லாமே உப்பு இல்ல, அதுதான் விஷயம். பின்பக்கத்துல இருக்கறது உப்பு, வாயால ஊதி ஈரமாக்கி மெத்துன்னு ஒரு துணியால தொடச்சா பெரும்பாலும் போயிடும். படம் பதியற மருந்து பூசின முன்பக்கத்துல, அந்தப் பூச்சுல இருக்கற ஜெலட்டின் தண்ணி குடிச்சு உப்பியிருக்கும், சொட்டு நிக்கற எடம் மட்டும் சுத்தி இருக்கறதவிட லேட்டா காயும்போது அந்த எடத்துல ஜெலட்டின் வேற மாதிரி இழுபட்டு அடர்த்தியே மாறிப்போயிடும். அத தொடச்சு எடுக்க முடியாது, திரும்ப ஊறவச்சு காயவச்சா சில சமயம் கொறையும், சில சமயம் அதுவும் இல்ல. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது சொட்டு நின்னதுதான், அதனால 'சொட்டுத்தடம்'னு வச்சா ரெண்டும் அடங்கிடும், உப்பால வந்தத மட்டும் சொல்லணும்னா உப்புக்கறைன்னே சொல்லிக்கலாம்.

வாக்கியத்துல போட்டு பாத்தேன்: "கடைசி அலசலுக்கு பேட்டரி கடையில விக்கற டிஸ்டில்ட் வாட்டர் எடுத்து நீர்பரப்பி கலந்து அர நிமிஷம் முக்கினா சொட்டுத்தடம் விழாது." இடிக்கல இல்ல? ஆர்ஓ தண்ணியில உப்பு கம்மிதான், ஆனா சுத்தமா இல்லாம போகாது.

நீர்பரப்பி எவ்வளவு கலக்கணும்னு கேட்டிருந்தவருக்கு: கோடாக் கம்பெனியோட நீர்பரப்பியான ஃபோட்டோஃப்ளோ 200-ன்னா ஒரு பங்குக்கு 200 பங்கு தண்ணி, 300 மில்லி தண்ணிக்கு ஒன்றரை மில்லி வரும், சிரிஞ்ச்ல எடுங்க. கூட ஊத்தினா நல்லதுன்னு நெனச்சு நான் ஒரு மூடி ஊத்தி, நுரையே காஞ்சு கோடு கோடா படிஞ்சு போச்சு. ஃபிலிம சுத்தி வைக்கற பிளாஸ்டிக் ரீலோட சேத்து முக்காதீங்க, பிசுபிசுப்பு ஏறி அடுத்த ரோல் உள்ள போகவே மாட்டேங்கும், ஃபிலிம மட்டும் தனி கிண்ணத்துல விடுங்க. ஸ்க்வீஜி, அதான் தண்ணி வழிக்கற ரப்பர் பட்டை, போட்டு வழிக்கறதும் எனக்கு பயம், ஒரே ஒரு மணல் மாட்டினா ரோல் நீளத்துக்கும் கீறல். கீழ ஒரு கிளிப் கனத்துக்கு மாட்டி, கொஞ்சம் சாய்வா தொங்கவிட்டா தண்ணி ஓரத்துக்கு வந்து ஓரமாவே எறங்கிடும்.

ஃபிக்ஸ் பண்ற மருந்தான ஃபிக்ஸருக்கு 'நிலைநிறுத்தி'ன்னு நம்ம சொல் பட்டியல்ல இருக்கறத மட்டும் தயவுசெஞ்சு மாத்தாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு.