மெலனோமா சைமோகிராபி: 62-இல் பேண்டே இல்லை, ஆனால் செல் ஊடுருவுகிறது

கேள்வி:
ஏ375 (மனித மெலனோமா, அதாவது தோல் நிறமிச் செல் புற்று) செல்கள், 10% எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்) ஊடகம். மேல்திரவத்தைச் சைமோகிராபிக்காக (ஜெலட்டினைக் கரைக்கும் நொதியை வெள்ளைப் பேண்டாகக் காட்டும் சோதனை) ஜெலட்டின் ஜெல்லில் ஓட்டினால் 92, 72 கிலோடால்டனில் பேண்ட் பளிச்சென்று விழுகிறது. எம்எம்பிகள் செல்லைச் சுற்றிய புரத வலையை வெட்டும் நொதிகள்; அவற்றில் எம்எம்பி-2-இன் செயல்படும் வடிவம் வரவேண்டிய 62-இல் ஒன்றுமில்லை. செல்களோ மேட்ரிஜெல்லை (அடித்தளச் சவ்வைப் போன்ற ஜெல்) துளைத்துப் போகின்றன. எம்எம்பி தடுப்பான் கொடுத்த லேனும் (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதை) கொடுக்காத லேனும் ஒரே மாதிரி. எங்கே பிசகு?

பதில் 1:
முதல் பிசகு சீரம். எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் எஃப்பிஎஸ்ஸிலேயே உண்டு. நீங்கள் பார்ப்பதில் பாதி மாட்டுடையதாக இருக்கலாம். செல்களை பிபிஎஸ்ஸில் (உப்புப் பஃபர்) இருமுறை கழுவி, 24 மணி நேரம் சீரமில்லா ஊடகத்தில் வைத்து எடுங்கள். செல் எண்ணிக்கையைச் சமப்படுத்தி ஏற்றுங்கள். செல் படாத ஊடகத்துக்கும் ஒரு லேன் விடுங்கள்.

சாம்பிளில் மெர்காப்டோஎத்தனால் கூடாது, கொதிக்கவும் வைக்கக் கூடாது. ஓட்டி முடித்ததும் 2.5% ட்ரைட்டான் எக்ஸ்-100-இல் 30 நிமிடம் வீதம் இரண்டு முறை கழுவுங்கள். ஜெல்லில் உள்ள எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் சோப்பு போன்ற பொருள்) போகாவிட்டால் நொதி மறுபடி மடியாது. பிறகு 50 மில்லிமோலார் ட்ரிஸ், 5 முதல் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 37 டிகிரியில் இரவு முழுக்க. ஒரு துண்டு ஜெல்லை மட்டும் இடிடிஏ (எம்எம்பிக்கு வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) சேர்த்த பஃபரில் போடுங்கள். அதிலும் பேண்ட் தெரிந்தால் அது எம்எம்பி அல்ல.

தடுப்பான் மீளக்கூடிய வகையா? அப்படியானால் ஓட்டத்திலும் ட்ரைட்டானிலும் கழுவிப் போய்விடும், வித்தியாசம் தெரியாது. அதைப் பஃபரில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அளவு கூடி ஜெலட்டின் முழுக்கக் கரைந்த பேண்டையும் ஒப்பிட முடியாது. சாம்பிளைக் குறையுங்கள்.

பதில் 2:
முக்கியமான விஷயம்: 72-இல் வெள்ளையாகத் தெரிவது எம்எம்பி-2-இன் இன்னும் செயல்படாத முன்வடிவம். எஸ்டிஎஸ் அதை அடைத்து வைக்கும் சிஸ்டைன் பூட்டைத் திறந்துவிடுவதால்தான் ஜெல்லில் அது ஜெலட்டினைத் தின்கிறது. டிம்ப் என்ற, உடலில் இயல்பாக உள்ள எம்எம்பி தடுப்பானும் அங்கேயே பிரிந்துவிடும். ஆக இந்த ஜெல் நொதியின் அளவைச் சொல்லும், செல்லருகே நடக்கும் வேலையைச் சொல்லாது.

செயலூக்கம் நடப்பது செல் சவ்வில். ஒரு எம்டி1-எம்எம்பி (செல் சவ்வில் பதிந்த எம்எம்பி), டிம்ப்-2 வழியாக எம்எம்பி-2 முன்வடிவத்தைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து எம்டி1-எம்எம்பி அதை வெட்டும். டிம்ப்-2 மிகுந்தால் வெட்ட ஆளிருக்காது. எனவே மேல்திரவத்தோடு செல் லைசேட்டையும் (செல்லை உடைத்த கரைசல்) ஓட்டுங்கள். எம்டி1-எம்எம்பி தானே முதல் வகைக் கொலாஜனைக் கரைக்கும், அதனால் 62 இல்லாமலும் ஊடுருவல் நடக்கலாம். ஒளிரும் ஜெலட்டின் பூசிய கவர்ஸ்லிப்பில் செல்லை விதைத்துப் பாருங்கள், செல்லுக்கு அடியில் ஜெலட்டின் கரைந்த இடங்கள் கறுப்பு ஓட்டைகளாகத் தெரியும்.

பதில் 3:
மேட்ரிஜெல் அடித்தளச் சவ்வுக்கு மட்டுமே மாதிரி. டெர்மிஸுக்கு (தோலின் உள்ளடுக்கு) முதல் வகைக் கொலாஜன் ஜெல்லும் வேண்டும். முடிவை எழுதும்போது 'எம்எம்பி என்றாலே புற்றுக்குத் துணை' என்று எழுதிவிடாதீர்கள். எம்எம்பி-8 மெலனோமாவைக் கட்டுப்படுத்துவதாக 2009-இலேயே ஆய்வு வந்துவிட்டது. எம்எம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்த மாரிமாஸ்டாட் மருந்தின் சோதனைகளில் மூட்டுவலிதான் மிஞ்சியது.