டுவோர்க்கின் நீதிபதிகளுக்கு ரொம்பவே இடம் கொடுத்துவிட்டாரா?

கரிசல்காடு:
அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவோர்க்கின் பெயரை எடுத்தாலே இங்கே ஆளாளுக்குக் கும்பிடு போடுகிறீர்கள். யேலில் பேராசிரியர், 1969-ல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தத்துவவாதி ஹார்ட் வகித்த பதவி, பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம், எல்லாம் சரி. ஆனால் 2013-ல் கண்மூடும்வரை மனிதர் சொன்னது இதுதானே: அரசியல் சாசனத்தில் 'சமத்துவம்', 'சுதந்திரம்' என்று பொதுவாக எழுதியிருந்தால் அதற்கு நீதிபதி அறநெறி பார்த்துப் பொருள் சொல்ல வேண்டும். யாருடைய அறநெறி? ஓட்டு வாங்காத ஒன்பது பேருடையது, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளுடையது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கத்தான் செய்வார்கள்.

மேல்முறையீடு:
தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். விதி எட்டாத இடத்தில் நீதிபதி தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம் என்றவர் ஹார்ட். அதை மறுத்துத்தான் டுவோர்க்கின் பெயரெடுத்தார். 1889 நியூயார்க் வழக்கு தெரியும்தானே, சொத்துக்காகத் தாத்தாவுக்கு விஷம் வைத்த பேரன்? உயில் சட்டப்படி செல்லும்; கொலைகாரனுக்குச் சொத்து கிடையாது என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் நீதிமன்றம் கொடுக்கவில்லை. தான் செய்த குற்றத்தால் ஒருவன் லாபமடையக் கூடாது என்ற நெறியும் சட்டத்துக்குள் அடக்கம் என்பதுதான் அவர் வாதம். இது நீதிபதியின் கையைக் கட்டுவது ஐயா, அவிழ்த்துவிடுவது இல்லை.

கரிசல்காடு:
அந்த வழக்கிலேயே இரண்டு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை! அப்புறம் 1997. தீராத நோயில் கிடப்பவர்கள் மருத்துவர் உதவியோடு சாக உரிமை வேண்டும் என்று ரால்ஸ், நோசிக்கோடு சேர்ந்து ஆறு தத்துவவாதிகளாக உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது பேரும் கைவிரித்துவிட்டார்கள். ஓரிகன் மாநில மக்களோ 1994-லேயே வாக்கெடுப்பில் அதைச் சாதித்திருந்தார்கள்.

சும்மா படிக்கிறவன்:
நடுவில் ஒன்று. டுவோர்க்கின் இளைஞராக உதவியாளர் வேலை பார்த்தது லெர்னட் ஹேண்ட் என்ற நீதிபதியிடம். மக்களுக்கு மேலே இருந்து ஆளும் அறிவாளிகள் என்று பிளேட்டோ சொன்ன காவலர்கள் மாதிரி நீதிபதிகள் தன்னை ஆள்வது சகிக்காது என்று 1958-ல் ஹார்வர்டில் பேசினாரே, அதே ஹேண்ட். குருவை மிஞ்சிய சிஷ்யனா, குருவையே மறுத்த சிஷ்யனா, நீங்களே சொல்லுங்கள் :)

மேல்முறையீடு:
நல்ல இடத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தப் பேச்சில் ஹேண்ட் 1954 பிரவுன் தீர்ப்பையே ஏற்க முடியாமல் திணறினார். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடாது என்ற தீர்ப்பு அது. அவ்வளவு நேர்மையான மனிதரை அவருடைய கொள்கை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. தென் மாநிலமான அலபாமாவில் அன்றைக்கு இதை ஓட்டுக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கரிசல்காடு:
பிரவுன் தீர்ப்பு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பு வந்து பத்து வருஷம் அலபாமா மாதிரி ஆழ்தெற்கு மாநிலங்களில் பள்ளிகள் அப்படியேதானே கிடந்தன? 1964-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட்ட பிறகுதான் அசைந்தது. போட்டது, ஓட்டு வாங்கி வந்தவர்கள்.

மேல்முறையீடு:
யாருடைய ஓட்டு? 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அந்த ஊர்களில் கறுப்பர்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவே விடவில்லை. அதைச் சொல்லுங்கள் முதலில்.