ஓவியரைப் பற்றி ஊரார் நினைப்பது: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கரிக்கோல்:

"உனக்கென்ன, சாமி கொடுத்த வரம், கை தன்னால வரையும்." ஓவியம் படித்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் அனுபவத்தில், வரம் என்று ஆரம்பிக்கிறவர் அடுத்த நிமிடமே விலையில் பாதியைக் குறைக்கச் சொல்வார். வரத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா?

அண்மையில் ஒருவர் வந்தார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர்களுடைய பழைய கல்யாணப் படத்தைப் பார்த்துப் பென்சில் ஓவியம் வேண்டும், ஏ த்ரீ அளவு. ஆல்பத்தை யாரோ செல்போனில் எடுத்து, அது வாட்ஸப்பில் பல கை மாறி, முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்து சேர்ந்திருந்தது. "பத்து நிமிஷ வேலைதானே, ரீல்ஸ்ல பாக்குறேனே" என்றார். ரீல்ஸில் ஓடுவது பல மணிநேர வேலையைச் சில நொடிகளுக்குச் சுருக்கியது என்று சொன்னேன். "அப்படியா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், பாவம்.

பென்சிலைத் தொடுவதற்கு முன்பே ஒரு சிக்கல். படத்தில் அம்மாவுக்கு மூக்குத்தி இடது பக்கம். நம் பக்கத்தில் பெரும்பாலும் வலது மூக்கில்தானே குத்துவார்கள் என்று உறுத்தியது. அப்புறம் அப்பாவைப் பார்த்தேன். சட்டைப் பை வலது மார்பில்! எந்த ஆப் செய்த வேலையோ, படமே இடவலமாகத் திரும்பியிருக்கிறது. அப்படியே வரைந்திருந்தால் வகிடு, மச்சம், மூக்குத்தி எல்லாம் இடம் மாறி, வீட்டில் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மா மாதிரி இல்லையே" என்பார்கள். ஏன் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. இந்தப் பார்வை வரமாக வந்ததில்லை. கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது சென்ட்ரலிலும் எழும்பூர் நிலையத்திலும் ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார்ந்து, தூங்குகிற பயணிகளை வரைந்து வரைந்து வந்தது. தூங்குகிறவர்தான் அசைய மாட்டார், காசும் கேட்க மாட்டார்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். வாடிக்கையாளர், உறவுக்காரர், சக ஓவியர், யாராக இருந்தாலும் சரி. பெயர் மட்டும் வேண்டாம்.

சவுக்குக்கம்பு:

தங்கச்சி எழுதியது அத்தனையும் உண்மை. நான் கட்டவுட், பேனர் வரைந்த ஆள். "பெரிசா இருக்கும், அதனால தப்பு தெரியாது, யார் வேணா வரையலாம்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நேர் எதிர். படம் பெரிதாக ஆகத் தப்பும் பெரிதாகும். சினிமா ஸ்டில் படத்தில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பிளைவுட்டிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவோம். அப்போது நாம் நிற்பது ஹீரோவின் மூக்குத் துளைக்கு எதிரே. முழு முகம் நம் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால் கன்னத்தில் ரோஸ் திட்டு, தாடைக்குக் கீழே நீலமும் பச்சையும். வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் "என்னங்க, தாடி பச்சையா முளைச்சிருக்கு?" என்று கேட்டார். மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பார்த்தால்தான் அது நிழல்.

சேர்ந்த உடனே யாரும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். டப்பா கழுவணும், அடிவண்ணம் பூசணும், அப்புறம் பின்னணி, எழுத்து, துணிமணி. முகம் மட்டும் மாஸ்டருக்கு. அந்த இடத்துக்கு வராமலே ஓய்ந்துபோனவர்கள் நிறைய.

2000த்தை ஒட்டி ஃப்ளெக்ஸ் வந்தது, சில வருஷங்களில் எங்கள் பட்டறைகள் மூடின. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் "ஓவியன் ஒழிஞ்சான்" என்கிறார்களே, அது சரியில்லை. கூட இருந்தவர்களில் சிலர் சினிமா செட்டுக்குப் போனார்கள், சிலர் கும்பாபிஷேகத்துக்குக் கோபுர வர்ணம் அடிக்கப் போனார்கள், நான் பள்ளிக்கூடச் சுவருக்கு வந்தேன். இங்கேயும் வரம் வந்து நிற்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் "எமல்ஷன் நாங்க வாங்கித் தர்றோம், வள்ளுவரை மட்டும் நீங்க சும்மா போட்டுக் கொடுங்க" என்றார்கள். பக்கத்தில் அதே சுவரைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனாருக்குக் கூலி உண்டா என்று கேட்டேன். "அது வேலையாச்சே" என்றார்கள்.

பலகைப்படம்:

நான் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். எனக்கு வருகிற கேள்வி வேறு. "தங்கம்னு சொல்றீங்களே, எத்தனை கிராம் இருக்கும்?" நகைக்கடைக் கணக்கிலேயே வருவார்கள். நாங்கள் ஒட்டுகிற ரேக்கு, அதாவது தங்கத் தகடு, தாளைவிட மெல்லிசு. பலகையில் துணி ஒட்டி, பூச்சு பூசித் தேய்த்து, படம் எழுதி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்து நகை, தூண், மண்டபம் என்று மேடு எழுப்ப வேண்டும். கல், ரேக்கு, வண்ணம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த மேடு மெதுவாகத்தான் காயும். ஐப்பசி மழையில் அவசரப்பட்டால் கிருஷ்ணரின் ஒட்டியாணத்தில் விரிசல் விழும். "காயிற நாளுக்குமா கூலி?" என்று கேட்டவரும் உண்டு.

ஞாயிறுதூரிகை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஊரார் மட்டுமா இப்படி நினைக்கிறார்கள்? நம் ஆட்களும்தான். ஒரு கண்காட்சியில் சந்தித்த இளைஞர், நன்றாக வரைகிறவர், கல்யாணப் பத்திரிகை டிசைன் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் கேட்டால், "காசுக்கு வரைஞ்சா கலை போயிடும் சார். வான்கோ உயிரோட இருந்தப்ப ஒரே ஒரு படம்தான் வித்தார்."

வான்கோ கதை நமக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890இல் 400 பிராங்குக்கு விற்றது உண்மை. ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரச் சொல்லிக் காசு கொடுத்தவர் அவருடைய சித்தப்பா. வண்ணத்துக்கும் வாடகைக்கும் மாதாமாதம் பணம் அனுப்பியது ஓவிய வியாபாரத்தில் இருந்த தம்பி தியோ. அதாவது, செலவு கணக்கு யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொன்று, அவர் பிறவியிலேயே பிரஷ்ஷோடு வந்தவர் இல்லை. 27 வயதில்தான் ஓவியனாவது என்று முடிவெடுத்தார். அந்த வயதில் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வரைந்தார். நம் இளைஞர் இந்தப் பகுதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே, 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் ஆரம்பித்தது. அந்த நிலத்தை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? ஓவியர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுவது) கைவினைப் பொருட்களும் செய்து விற்று வந்தது. ஒரு பக்கம் பாத்திக், இன்னொரு பக்கம் கேன்வாஸ். தென்னிந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பல அங்கிருந்து வந்தவைதான், அவர்கள் கலை ஒன்றும் போய்விடவில்லை. கோவில்பட்டி கொண்டைய ராஜுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார், பிறகு காலண்டருக்குச் சாமி படம். அந்தப் படங்கள் மாட்டாத வீடு அந்தக் காலத்தில் குறைவு.

நான் வாரநாளில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை வண்ணம். "அப்ப நீங்க நிஜ ஓவியர் இல்லையா?" என்று கேட்பவர்களும் பெரும்பாலும் ஓவியர்கள்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சவுக்குக்கம்பு:

காலண்டர் சாமியைச் சொன்னதற்கு நன்றி சார். எங்கள் மாஸ்டர் அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் எங்களுக்குக் கை, விரல் வரையக் கற்றுக் கொடுத்தார்.

அட்டைப்படம்:

யாரும் தொடாத ஒன்று: "நான் வரைந்தது, உரிமை எனக்குத்தான்." ஓவியர்கள் மத்தியில் இதைவிடப் பரவலான தப்பெண்ணம் இருக்குமா தெரியவில்லை. ஒரு பதிப்பகத்துக்கு அட்டைக்காக அக்ரிலிக்கில் வரைந்து கொடுத்தேன். அடுத்த புத்தகக் காட்சியில் அதே படம் காலண்டரிலும் துணிப்பையிலும் தொங்குகிறது. கேட்டால், "அதான் காசு கொடுத்தாச்சே."

கோபமாக வக்கீல் நண்பரிடம் போனேன். அவர் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். ஆகவே அட்டைக்கு மட்டும்தான், மற்ற எதற்கும் தனிப் பணம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். இப்போது இரண்டு வரி மின்னஞ்சலாவது அனுப்பி, பதில் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறேன். சிலர் "இவ்ளோ கணக்கா இருக்கீங்களே, கலைஞர்னு நினைச்சோம்" என்று வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படட்டும்.

அதே சட்டத்தில் 57ஆவது பிரிவு நமக்குச் சாதகம். உரிமை கைமாறினாலும், வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும், படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் கேள்வி கேட்கவும் முடியும். டில்லி விக்யான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசாங்கம் கழற்றிப் பாழாக்கியபோது அவர் வழக்குப் போட்டார். 2005இல் டில்லி உயர்நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. காசு கொடுத்து வாங்கியது அரசாங்கமே ஆனாலும்!

ஈரோட்டு அம்மா:

வணக்கம். நான் வரைகிறவள் இல்லை, என் மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். கவின்கலைக் கல்லூரி என்கிறாள். சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "ஏன், மார்க் கம்மியா?" இரண்டாவது, "பொண்ணுக்கு வேலை?" கரிக்கோல், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கரிக்கோல்:

அக்கா, மார்க் இல்லாதவர்கள் ஒதுங்குகிற இடம் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. அங்கே சேரப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது, வரைதல் தேர்வும் எழுத வேண்டும். முழு மார்க் வாங்கியவரும் அதில் தடுமாறலாம். சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கிய கல்லூரி, கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. நாலு வருஷப் படிப்பு. இப்போதைக்கு விலை உயர்ந்த வண்ணமெல்லாம் வாங்கித் தராதீர்கள். காட்ரிஜ் தாள், 2பி, 4பி, 6பி பென்சில் போதும். தினமும் குடம், செருப்பு, மடித்துப் போட்ட போர்வை என்று வீட்டில் கிடப்பதைப் பார்த்து வரையட்டும். போர்வை மடிப்பு வசப்பட்டால் பாதி கஷ்டம் தீர்ந்த மாதிரி.

வேலை கேட்கிறவர்களுக்கு: வண்ணக்கலை, சிற்பம் மட்டும் இல்லை, சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு என்றும் பிரிவுகள் உண்டு. ஈரோட்டிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறார்களே! உங்கள் ஜவுளிச் சந்தையில் அடுக்கி வைத்திருக்கிற பெட்ஷீட்டில் பூவும் கொடியும் போட்டது யார் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். மகள் துணிப் பிரிவை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். விண்ணப்பம் நிரப்பும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள்.